கூடம் கோணல்தான், அளந்து பார்த்துவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் போய்விட்டது. வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றினார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “யாரு சார் இந்த வயரிங் பண்ணது?”

சிவப்பு வயரில் வரவேண்டிய ஃபேஸ் கறுப்பு வயரில் வந்துகொண்டிருந்ததாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குரல் எனக்கு அத்துப்படி. பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு நாலு தடவையாவது இதே கேள்வியை இதே ராகத்தில் நானும் கேட்டிருப்பேன். பிளம்பர் கேட்பார், டெய்லர் கேட்பார், பல் டாக்டர்கூட வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நாங்கள் அதை மீம் போட்டு, மீட்டிங்கில் புலம்பி, டீக்கடையிலும் தொடர்ந்து, வீட்டுக்கு வந்து புரோகிராம் கோட் என்றால் என்னவென்றே தெரியாத மனைவியிடமும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் விடுவோம்.

இதைப் பார்க்கிறவர்கள் ரெடியாக ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் முதல் மேனேஜருக்கு ரொம்பப் பிடித்தது. எதைக் குறை சொன்னாலும் இதை எடுத்து வீசுவார். நானும் ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கூடம் நிஜமாகவே கோணல் என்றால் என்ன செய்வது?

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். காலேஜ் முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்து நின்றார், சாப்பிட்ட மாதிரியே தெரியவில்லை. “அண்ணா, நான்தான் எதையோ தப்பா பண்ணியிருக்கேன், என்னன்னு தெரியல.” காலையிலிருந்து டேட்டாபேஸைக் குடைந்திருக்கிறார், அதிலிருந்து டேட்டாவைக் கேட்டு வாங்கும் குவெரியை நாலு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார், டேட்டாவில்தான் கோளாறு என்று இன்னொரு டீமுக்கு மெயிலும் போட்டுவிட்டார். விஷயம் இவ்வளவுதான்: வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியிடம் 9, 100, 1, 10 என்று நாலு எண்ணைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், 1, 10, 100, 9 என்று அடுக்கித் தரும். எண்களை எல்லாம் எழுத்தாக மாற்றிக்கொண்டு, அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்து பார்த்து அடுக்கும். எப்படி ஒப்பிட வேண்டும் என்று நாம் தனியாகச் சொல்லிக் கொடுத்தால்தான் எண்ணை எண்ணாகப் பார்க்கும்.

“தப்பு உன் மேல இல்லம்மா, இது இப்படித்தான்” என்றேன். அந்த முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! சீனியர்கள் சத்தமாகப் புலம்புவதால் ஒரு நன்மை உண்டு என்றால் அது இதுதான். மாட்டிக்கொண்ட ஜூனியருக்குத் தன் மண்டையில் கோளாறு இல்லை என்று தெரிந்துபோகும்.

ஜாவாஸ்கிரிப்டுக்குப் பரிந்து பேசவும் இடம் இருக்கிறது. 1995 மே மாதம், பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதினார். பத்து நாளில் எங்கள் தெருவில் ஒரு பள்ளத்தைக்கூட மூடியதில்லை. பார்க்க ஜாவா என்ற இன்னொரு மொழி மாதிரி இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதனால் ஜாவாவின் தேதிக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டார்கள். அதில் மாதங்களின் எண் 0-லிருந்து தொடங்கும்: ஜனவரிக்கு 0, டிசம்பருக்கு 11. ஆனால் தேதி மட்டும் 1-லிருந்து தொடங்கும்! ஜாவா அந்தப் பழக்கத்தை சி மொழியிடமிருந்து வாங்கியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1997-லேயே ஜாவாக்காரர்கள் இது சரிவராது என்று அந்தத் தேதிச் சமாச்சாரத்தில் பாதிக்கு மேல் ‘இனி பயன்படுத்தாதீர்கள்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். கொடுத்தவன் தூக்கிப் போட்டுவிட்டான், வாங்கியவன் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறான்.

சரி, தப்பு என்று தெரிந்ததுமே திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை வருகிறது.

எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டித் தரும் மேக் என்று ஒரு கருவி உண்டு. 1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அதற்கான கட்டளைக் கோப்பில் சில வரிகளின் தொடக்கத்தில் டேப் இருந்தே ஆக வேண்டும், ஸ்பேஸ் இருக்கக் கூடாது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே வெற்றிடம்தான். இதில் ஒரு சாயங்காலத்தையாவது தொலைக்காத புரோகிராமரை நான் சந்தித்ததில்லை. ஃபெல்ட்மனே பின்னால் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஏதோ அப்போதைக்கு எளிதாக இருக்கிறதே என்றுதான் டேபை வைத்தாராம். சில வாரங்களில் ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனசு வரவில்லை, விட்டுவிட்டார். பன்னிரண்டு பேர்! அவர்களைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால், இன்றுவரை லட்சக்கணக்கான பேர் தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற மொழியின் கதை இதைவிடச் சுவாரசியம். அதில் ஃபங்ஷன் என்று ரெடிமேட் கட்டளைகள் உண்டு. அவற்றின் பெயர்களில் சிலவற்றில் அடிக்கோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. சில பெயர்கள் மொட்டையாக ஆறெழுத்தில் முடியும், சில ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ என்று மூச்சு முட்டும். ஏன் இந்தக் கூத்து என்று வருடக்கணக்கில் திட்டியிருக்கிறேன். 2013-ல் அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் ஒரு காரணம் சொன்னார். ஆரம்ப காலத்தில் ஃபங்ஷன்களைத் தேடி எடுக்க, பெயரின் நீளத்தை வைத்துத்தான் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தாராம். எல்லாப் பெயரும் ஒரே நீளத்தில் இருந்தால் எல்லாம் ஒரே பெட்டியில் போய் விழும், தேடுவது மெதுவாகும். அதனால் வெவ்வேறு நீளத்தில் பெயர் வைத்தார். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் நான் புலம்பிக்கொண்டிருக்கும் இந்த முகநூலே பிஎச்பியில் தொடங்கியதுதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நமக்கு நெருக்கமான கோணல் ஒன்று. கபிலன், கவிதா, கனகா. தமிழ் அகராதி முறைப்படி இதுதான் வரிசை. ப முதலில், அப்புறம் வ, கடைசியில் ன. கணினியிடம் வெறுமனே அடுக்கச் சொன்னால் கனகாவை முதலில் கொண்டுவந்து நிறுத்தும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘ன’வின் இடம் ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால். ஏன்? இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ‘இஸ்கி’ என்று அரசு ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. தேவநாகரியின் வரிசையை ஒட்டிய பொதுச் சட்டம் அது. 1988-ஆம் வருட இஸ்கியை வைத்துத்தான் யூனிகோடில் நம் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். நமக்கென்று இருக்கும் ற, ழ, ன எல்லாம் அந்தச் சட்டத்தில் எங்கே இடுக்கு இருந்ததோ அங்கே உட்கார்ந்தன. சரியான வரிசையில் அடுக்கவும் வழி இருக்கிறது, யூனிகோடே அதற்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது. ஆனால் அது தானாக வராது, பேர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எத்தனை என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்று சொல்வது தனிக் கதை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லிவிடும்.

இந்த விஷயத்தில் ‘குறை சொல்லாதே, வேலையைப் பார்’ என்று யாராவது வந்தால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். புலம்பியதால்தான் சிலதாவது சரியாகியிருக்கிறது. பிஎச்பியில் 0-வும் ‘ஏபிசி’ என்ற சொல்லும் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்த கூத்து 2020-ல் வந்த எட்டாவது பதிப்பில்தான் முடிவுக்கு வந்தது. ஜாவாஸ்கிரிப்டின் தேதிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட டெம்போரல் என்ற புதிய வசதியில் ஜனவரியின் எண் 1. முப்பது வருடத்துக்கு அப்புறம் ஜனவரி முதல் மாதமாகிறது, பட்டாசு வெடிக்கலாம். மொழியைத் திட்டினால் கேட்க ஆள் இருக்கிறது. லேட்டாகக் கேட்கும், ஆனால் கேட்கும்.

ஆபீஸ் கோடைத் திட்டுவது வேறு கணக்கு. அங்கே நாம் திட்டுவது மொழியை இல்லை, ஆளை. அதுவும் வேலையை விட்டுப் போன ஆளை. அவர் திரும்பி வந்து பதில் சொல்லப் போவதில்லை என்ற தைரியம்.

இதில் எனக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்திய ஒரு பழைய கோட் நீக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கும் ஸ்விட்சை, அதாவது ஃபிளாகை, ஒரு புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய கோடைப் போட்டார்கள், ஒன்றில் போட மறந்துவிட்டார்கள். அந்த எட்டாவது சர்வரில் பழைய பேய் எழுந்து ஆர்டர்களாக அனுப்பித் தள்ளியது. இந்தக் கதையைப் படித்த வேகத்தில்தான் எங்கள் பில்லிங் சிஸ்டத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். அது ஆகி மூன்று மாதம் இருக்கும்.

அதில் ஒரு வரி. வாடிக்கையாளர் எண் 4417 என்றால் தேதியையும் மாதத்தையும் இடம் மாற்று. மேலே ஒரே ஒரு கமென்ட்: “தொடாதே.” எழுதியவர் எங்களிடமிருந்து போய் நாலு வருடமான ஒரு சீனியர். அவர் பெயர் எங்கள் டீமில் ஒரு வசைச்சொல். எங்கே எது உடைந்தாலும் ‘அண்ணன் கைவண்ணம்’ என்போம். அவர் போகும்போது மூன்று நாள் கேடி, அதாவது தனக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு, கொடுத்தார், வீடியோவாகப் பதிவும் செய்து வைத்தோம். அதை யாரும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் எண்ணைக் கோடுக்குள்ளேயே எழுதி வைப்பதாவது, தொடாதே என்று மிரட்டுவதாவது! தூக்கிவிட்டேன். ரிலீஸும் போனது.

அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதி வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அதாவது, சத்தமே இல்லாமல் தப்பாக ஓடியிருக்கிறது. 13-ஆம் தேதி காலையில், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே என்று சிஸ்டம் குப்புற விழுந்தது. அந்தக் க்ளையன்ட் மாதத்தை முன்னால் போட்டுத் தேதியைப் பின்னால் போட்டு ஃபைல் அனுப்புகிறார்கள். மற்ற எல்லாரும் தேதியை முன்னால் போடுகிறார்கள். பன்னிரண்டு நாள் பில்களையும் உட்கார்ந்து கையால் திருத்தினோம்.

அன்று ராத்திரி அந்த சீனியரின் நம்பரைத் தேடிப் பிடித்து போன் போட்டேன். இப்போது ஊர்ப்பக்கம் போய் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். நான் பெயரைச் சொல்லி, பில்லிங் சிஸ்டம் என்று ஆரம்பித்ததுமே கேட்டார்: “4417-ஆ?”

சிரித்துவிட்டு அவரே சொன்னார். “ஒவ்வொரு க்ளையன்ட்டுக்கும் தேதி எப்படி வரும்னு செட் பண்ண ஒரு ஸ்க்ரீன் போடணும்னு அன்னிக்கே கேட்டேன் தம்பி. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்னாங்க. எனக்குக் கொடுத்தது ஒரு சாயங்காலம். அடுத்த ரிலீஸ் லிஸ்ட்ல அந்த ஸ்க்ரீனும் இல்ல, நானும் இல்ல.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காரணத்தையாவது எழுதி வைத்திருக்கலாமே அண்ணே என்று கேட்டுவிட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. “கேடியில சொன்னேனே, ரெண்டாவது நாள்” என்றார். அப்புறம் போய் வீடியோவைத் திறந்து பார்த்தேன். சொல்லியிருக்கிறார், நிதானமாக, பத்து நிமிடம். கீழே ஓரத்தில் சின்னச் சதுரத்தில் நானும் இருக்கிறேன், தலையாட்டிக்கொண்டு.

அந்த வரியைத் திரும்பப் போட்டேன். மேலே நாலு வரியில் காரணம், க்ளையன்ட் அனுப்பும் தேதியின் மாதிரி, அந்த ஸ்க்ரீனுக்கு நான் புதிதாகப் போட்ட வேலைக் கோரிக்கை டிக்கெட்டின் எண், எல்லாம் எழுதினேன். கோடைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் ஒருவர் ‘கமென்ட் ரொம்ப நீளம், சுருக்கவும்’ என்று எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.