அந்தக் குப்பி எங்கே?

அந்த வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள். மூன்று நாளில் 11 பேர் அனுப்பிவிட்டீர்கள். ஊசி போட்டுக்கொண்ட நாலு பேருக்குக் குளிர்காய்ச்சல், உடனே வார்டுக்குள் புகுந்து ஊசி போட்ட நர்ஸ் பெண்ணின் முகத்துக்கு நேரே போனை நீட்டி "கை கழுவினியா, சொல்லு" என்று கத்துகிறார்கள், அவள் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே நமக்குத் தெரிந்தவர்களே "சஸ்பெண்ட் பண்ணுங்க" என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த மருந்துக் குப்பி எங்கே? அதன் பேட்ச் நம்பரை, அதாவது ஒரே தடவையில் தயாரான குப்பிகளுக்கெல்லாம் பொதுவாகப் போடும் எண்ணை, ஒருவராவது குறித்து வைத்தீர்களா?

2012 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசியில் நடந்ததைச் சொல்கிறேன். முதுகுவலிக்குத் தண்டுவடத்தை ஒட்டி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு மூளைக்காய்ச்சல். அதுவும் பூஞ்சையால். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு அது வருவது ரொம்ப அபூர்வம். வாண்டர்பில்ட் மருத்துவமனையின் டாக்டர் ஏப்ரல் பெட்டிட் அதைச் சும்மா விடவில்லை, 18ஆம் தேதியே மாநில சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிட்டார். தேடினால் அதே கிளினிக்கில் ஊசி போட்டவர்கள் இன்னும் சிலர் கிடைத்தார்கள். அங்கேயும் ஊசி போட்ட கையின் மேல் பழியைப் போட்டுக் கதையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. தோலைத் துடைத்த திரவம், மரத்துப்போகக் கொடுத்த மருந்து, ஸ்டீராய்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அப்புறம் வட கரோலினாவில், அந்தக் கிளினிக் பக்கமே போகாத ஒருவருக்கும் அதே மாதிரி நோய். இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது மருந்துதான்.

மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்து நிறுவனம் தயாரித்த மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அது. மூன்றே மூன்று பேட்ச். டாக்டர் தகவல் சொன்ன எட்டாவது நாள் அவை திரும்பப் பெறப்பட்டன. எந்த பேட்ச் எந்தக் கிளினிக்குக்குப் போனது, அங்கே யார் யாருக்குப் போட்டார்கள் என்று எழுதி வைத்திருந்ததால் ஏறத்தாழ 14,000 பேரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. அப்படியும் 753 பேருக்கு நோய், 64 பேர் இறந்தார்கள். கம்பெனியில் போய்ப் பார்த்தால் ஒரு பேட்சின் 321 குப்பிகளில் 83 குப்பிகளுக்குள் பச்சையும் கறுப்புமாக ஏதோ மிதக்கிறது, கண்ணுக்கே தெரிகிறது! கிருமியே இருக்கக் கூடாத அறையின் ஏசியை ராத்திரியில் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

"நீ நர்ஸ், அதனால்தான் வக்காலத்து வாங்குகிறாய்" என்பீர்கள். ஆமாம், நான் நர்ஸ்தான். 23 வயதில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி. ராத்திரி இரண்டரை மணிக்கு, டிரிப்ஸ் போட்ட அரை மணி நேரத்தில் ஒரு பெரியம்மாவுக்கு நடுக்கம் ஆரம்பித்தது. கட்டிலே ஆடியது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. அடுத்த பெட்டிலும் அதே. டிரிப்ஸை நிறுத்தினேன், டாக்டரைக் கூப்பிட்டேன், இருவரும் பிழைத்தார்கள். காலையில் என்னை நிற்க வைத்து விளக்கக் கடிதம் கேட்டார்கள். பாட்டில்கள் அதற்குள் குப்பைக்குப் போய்விட்டன. கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தது, பேட்ச் நம்பர் இல்லை. தப்பு பாட்டிலிலா என் கையிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 16 வருஷம் ஆகிறது. இந்தத் தெரியாமை எப்படி இருக்கும் என்று அந்த வீடியோவைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்குப் புரியுமா?

நர்ஸ் தப்பே பண்ண மாட்டாரா என்றால், பண்ணுவார். ஒரே குப்பியில் திரும்பத் திரும்ப ஊசியை விடுவது, திறந்த மருந்தை மணிக்கணக்கில் வைத்திருப்பது எல்லாம் நடக்கிறது. 1990 தொடங்கி அமெரிக்காவில் ஏழு ஆஸ்பத்திரிகளில் புரோபோஃபோல் மயக்க மருந்தால் தொற்று வந்தபோது, தப்பு கையாண்ட விதத்தில் என்றுதான் தெரிந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விசாரித்துத் தெரிந்தது. வார்டில் போனை நீட்டித் தெரிந்ததல்ல.

"மக்களுக்குக் கோபம் வராதா" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும். எனக்கும் வருகிறது. 40 படுக்கைக்கு இரண்டே நர்ஸை நிறுத்தியவர் மேல் வராத கோபம், மருந்தை வாங்கியவர் மேலும் தயாரித்தவர் மேலும் வராத கோபம், நிற்கிற சின்னப் பெண்ணின் மேல் மட்டும் எப்படி வருகிறது? அமெரிக்காவில் அந்த ஸ்டீராய்டு ஊசி வழக்கில் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் நிறுவனத்தின் தலைவர் பேரி கேடன். முதலில் 9 ஆண்டு, 2021இல் அதை 14.5 ஆக்கினார்கள். அவர் வரைக்கும் போய்ச் சேர முடிந்ததென்றால் குப்பியிலிருந்து தொடங்கியதால்தான்.

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். விளக்கக் கடிதம் கேட்டால் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஸ்டோர் ரெஜிஸ்டரைக் கேட்கச் சொல்லுங்கள். அதே பேட்சில் திறக்காத குப்பி ஒன்றாவது அலமாரியில் மிச்சம் இருக்கும், அதை எறிய விடாதீர்கள்.