2022 பிப்ரவரி 1இல் பள்ளி திறப்பது சரி. செலவு யார் கணக்கில்?

வரும் செவ்வாய்க்கிழமை, 2022 பிப்ரவரி 1 முதல் தமிழ்நாட்டில் 1 முதல் 12 வரையிலான எல்லா வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கடலூர் முதுநகர்ப் பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். என் மகன் எட்டாம் வகுப்பிலும் மகள் இரண்டாம் வகுப்பிலும் அங்கேதான் படிக்கிறார்கள். திறக்கலாமா வேண்டாமா என்று நாடு முழுவதும் இரண்டாண்டுகளாகப் பேசியாகிவிட்டது. திறப்பதற்கு என்ன செலவாகும், அதை யார் தருவார்கள், மறுபடியும் மூட நேர்ந்தால் எதை வைத்து மூடுவார்கள் என்ற கேள்விகளை மட்டும் பொறுப்பில் இருப்பவர்கள் யாரும் பெற்றோர் முன் வைத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இழந்தது எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2020இல் முதல் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட ஒரு குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதன்பிறகும் சுழற்சி முறை. நடுவே வடகிழக்குப் பருவமழை. நவம்பர் மூன்றாம் வாரத்தில் தென்பெண்ணையில் பெருவெள்ளம். புத்தாண்டு பிறந்ததும் ஒமைக்ரான் பரவலால் மீண்டும் பூட்டு. ஆக, இரண்டு வகுப்புகளைக் கடந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கும் என் மகள் ஆசிரியர் முன் உட்கார்ந்து படித்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு சாதாரண ஆண்டின் ஒரு பருவம்கூடத் தேறாது. அவள் தனித்தனி எழுத்துகளை அடையாளம் காண்கிறாள். அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாகப் படிக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2021 ஆகஸ்ட்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஊரகக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினர் மட்டுமே இணையவழியில் ஒழுங்காகப் படித்தார்கள் என்றும், 37 விழுக்காட்டினர் எதையுமே படிக்கவில்லை என்றும் தெரியவந்தது. கல்வித் தொலைக்காட்சி வந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது, எல்லாம் உண்மை. வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் அந்தப் பாடம் யாருக்கு வந்தது?

இனி பணத்துக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 100க்கு மேல் 250 வரை இருந்தால் அது 50,000 ரூபாய். 200 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். சுண்ணக்கட்டி, பதிவேடு, பழுதான மின்விசிறி, குழாய், மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் ஆதாரம். இந்த மானியத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அதாவது 5,000 ரூபாய், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 25 ரூபாய். இந்தக் கணக்கு கொரோனாவுக்கு முன்பே போடப்பட்டது. இப்போது வாசலில் வெப்பநிலை பார்க்க வேண்டும், சோப்பும் கிருமிநாசினியும் எப்போதும் இருக்க வேண்டும், முகக்கவசம் இல்லாமல் வரும் பிள்ளைக்கு ஒன்று எடுத்துத் தர வேண்டும், மேசைகளையும் கழிப்பறைகளையும் நாள்தோறும் துடைக்க வேண்டும் என்கிறார்கள். அத்தனையும் வேண்டியவைதான். ஒரு பிள்ளைக்கு 25 ரூபாயில் அது ஓர் ஆண்டுக்கு எப்படி நடக்கும்? பெரும்பாலான இடங்களில் ஆசிரியர்கள் கைக்காசைப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் ஊரில் கடை வைத்திருப்பவரிடமோ முன்னாள் மாணவரிடமோ போய் நிற்கிறார்கள். அவர்களின் நல்ல மனத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அரசு பிறப்பித்த ஒரு நெறிமுறை தலைமையாசிரியரின் சம்பளத்திலிருந்து நிறைவேறுவதை நிர்வாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருளைவிடப் பெரிய செலவு ஆள். கடந்த ஆண்டு ஓர் அறைக்கு 20 மாணவர்கள் என்று விதி வந்தது. 40 பேர் இருக்கும் வகுப்பை இரண்டாகப் பிரித்தால் இரண்டு அறை வேண்டும், இரண்டு ஆசிரியர் வேண்டும். அறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்பதால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லும் முறை வந்தது. செலவைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளைகளின் படிப்பு நேரத்தில் பாதியை வெட்டினோம் என்பதே இதன் பொருள். தூய்மைப் பணியாளர் நிலை இன்னும் மோசம். பல தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பகுதிநேரமாக, மிகக் குறைந்த ஊதியத்தில் ஒருவர் வந்து போகிறார். அவர் வராத நாளில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும். வளர்ந்த பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள் என்று தாய்மார்கள் கூட்டத்தில் சொல்லும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

நீண்ட நாள் பூட்டிக் கிடந்த கட்டடமும் ஒரு செலவுதான். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் மாவட்டத்தில் புயல் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் மக்களைத் தங்கவைப்பது பள்ளிகளில்தான். கொரோனா தொடக்கத்தில், சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்தியதும் கல்விக்கூடங்களில்தான். மாவட்டத்தின் எல்லா இடர்களையும் தாங்கும் கட்டடத்துக்கு, திறப்பதற்கு முன் ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தருவது கட்டாயமாக்கப்பட வேண்டாமா?

இவை எல்லாவற்றையும்விட ஏழை வீட்டை வதைப்பது நிச்சயமின்மையின் செலவு. அது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் வராது. 2020இல் நவம்பர் 16 அன்று உயர் வகுப்புகள் திறக்கும் என்றார்கள், 9ஆம் தேதி பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகளும் திறந்தன. மார்ச் முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவற்றை மூடினார்கள். செப்டம்பர் 1 அன்று மறுபடி திறப்பு, இந்த ஜனவரியில் மறுபடி மூடல். ஒவ்வொரு திறப்புக்கும் குடும்பம் ஒரு முறை செலவழிக்கிறது, ஒவ்வொரு மூடலிலும் அது வீணாகிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் டிசம்பரில் தனியார் பள்ளி வேனுக்குப் பருவக் கட்டணம் கட்டியது. ஜனவரியில் வேன் நின்றுவிட்டது, பணம் திரும்பவில்லை. வேன் ஓட்டுநரைக் குறை சொல்லவும் முடியாது. வண்டி நின்றாலும் காப்பீடும் தவணையும் நிற்பதில்லை. பள்ளி திறக்கும் என்று நம்பி வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய தாய், பள்ளி மூடியதும் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விடுகிறாள். அடுத்த முறை அந்த வீட்டார் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

பையன்களின் நிலையைச் சொல்லவே வேதனையாக இருக்கிறது. துறைமுகத்தில் பெட்டி தூக்கவும் ஐஸ் உடைக்கவும் போன எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நவம்பரில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசி அழைத்து வந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்க உட்கார்ந்துவிட்ட பெண்பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஜனவரியில் பள்ளியை மூடியதும் அவர்களில் பலர் அதே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நாளுக்கு இருநூறு முந்நூறு கொண்டுவரும் பிள்ளையிடம், "பள்ளி திறந்துவிட்டது, வா" என்று மூன்றாம் முறை சொல்லும்போது, "எத்தனை நாளைக்கு, சார்?" என்று அவன் அப்பா கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஆசிரியரிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் யாரிடமும் இல்லை.

என் அக்கா புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருக்கிறாள்; அவள் மகளும் இரண்டாம் வகுப்புதான். புதுச்சேரி வேறு அரசு என்றாலும், 2022 ஜனவரி நிலவரப்படி அங்கே உயர் வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல், பொதுத் தேர்வும் தமிழ்நாட்டுத் தேர்வு. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு நாடு வந்துவிடாது. கிருமிக்கும் அந்த எல்லை தெரியாது. ஆனால் புதுச்சேரியில் 2021 ஜனவரி 4 அன்றே முதல் வகுப்பு வரை அரை நாள் பள்ளி திறந்தது; எங்கள் பிள்ளைகளோ அந்த ஆண்டு நவம்பர் வரை காத்திருந்தார்கள். அடுத்த சுற்றில் நிலைமை தலைகீழ்: எங்களுக்கு நவம்பர் 1, அவர்களுக்கு மழையால் தள்ளிப்போய் டிசம்பர் 6. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எத்தனை பேருக்குத் தொற்று இருந்தால் திறக்கலாம், மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் நிரம்பினால் மூடலாம் என்ற அளவுகோல் இருந்திருந்தால், அருகருகே வாழும் இரண்டு குழந்தைகளுக்கு இத்தனை மாத வேறுபாடு ஏன் என்பதை அக்காவும் நானும் புரிந்துகொண்டிருப்போம்.

எந்த வகுப்பை முதலில் திறப்பது என்பதிலும் இதே குறை. தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவார்ந்தது, சிறு குழந்தைகள் இந்தக் கிருமியைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையில் சொன்னார். நாம் செய்தது நேர்மாறு. பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகள் முதலில், எழுத்தறிய வேண்டிய குழந்தைகள் கடைசியில். பத்தாம் வகுப்பு மாணவன் ஓரளவு தானே படித்துக்கொள்வான். அகரம் தெரியாத குழந்தைக்கு ஆசிரியரை விட்டால் வேறு யார்? "இல்லம் தேடிக் கல்வி" நல்ல முயற்சி. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே தொடங்கி, முதற்கட்ட மாவட்டங்களில் கடலூரையும் சேர்த்தார்கள். எங்கள் பகுதித் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கவைப்பதை நன்றியோடு பார்க்கிறேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் ஒரு கல்லூரி மாணவியின் தோளில், முழுநேரப் பள்ளி இழந்த இரண்டாண்டுகளை ஏற்றிவைத்துவிட முடியாது.

திறக்கவே கூடாது என்பவர்களை நான் எதிரிகளாகப் பார்க்கவில்லை. இரண்டாம் அலையில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவரிடம் போய்ப் புள்ளிவிவரம் பேச எனக்கு வாய் வராது. ஒரே அறையில் பாட்டியும் பேரனும் படுக்கும் வீடுகள் இங்கே நிறைய. பேரனுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பாட்டிக்கு என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. 2022 ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி நிலவரப்படி இல்லை. அந்தப் பயத்துக்கு அரசு சொல்ல வேண்டிய மறுமொழி, பாட்டிக்குத் தடுப்பூசி, பள்ளிக்கு வேண்டிய பணம், எல்லோரும் அறிந்த அளவுகோல் ஆகியவைதான். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது அதற்கு மறுமொழி ஆகாது.

அந்த ஒப்புதல் கடிதத்தை நானும் முன்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "என் பிள்ளையை என் முழு விருப்பத்துடன் பள்ளிக்கு அனுப்புகிறேன்" என்று நாங்கள் எழுதினோம். பள்ளியில் எத்தனை குழாய்களில் தண்ணீர் வருகிறது, ஒருவருக்குத் தொற்று வந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வார்கள், அந்த வகுப்பு மட்டும் மூடுமா பள்ளி முழுவதுமா என்று பதிலுக்கு எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

செவ்வாய்க்கிழமை என் மகளை நானே கூட்டிக்கொண்டு போய் விடுவேன். அதற்கு முன் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு தர முடிவு செய்திருக்கிறோம். வழக்கமான மானியத்துக்கு வெளியே, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தனியான ஒரு தொகையை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தர வேண்டும். பள்ளிக்கு ஒரு முழுநேரத் தூய்மைப் பணியாளர் வேண்டும். திறக்கவும் மூடவும் எந்த எண்ணிக்கை அடிப்படை என்பதை முன்கூட்டியே அறிவித்து, மூடினால் தொடக்க வகுப்புகளைக் கடைசியாக மூட வேண்டும். ஜனவரியில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு அதற்கென நேரமும் பயணப்படியும் தர வேண்டும். மாவட்டத்தில் மற்றப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் பள்ளியின் தேவையைச் சேர்த்து நீங்களும் ஒரு மனு எழுதுங்கள். எங்கள் மனுவின் நகலைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.