ஏன் வேலையை விடுகிறீர்கள்?

இன்டர்வியூவில் மற்ற எந்தக் கேள்வியையும் சமாளித்துவிடலாம், இந்த ஒன்றுதான் உயிரை வாங்குகிறது. பதில் எனக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்: 3 வருஷமாகச் சம்பளம் அசையவில்லை, மேனேஜர் ராத்திரி 11 மணிக்கு "ஒரு சின்ன வேலை" என்று மெசேஜ் போடுகிறார். ஆனால் அதைச் சொல்லக் கூடாதாம். பழைய இடத்தைக் குறை சொன்னால் நாளைக்கு நம்மையும் இப்படித்தான் பேசுவான் என்று நினைப்பார்கள், சம்பளம் என்று வாயைத் திறந்தால் பணத்துக்காக ஓடுகிறவன் என்று முத்திரை குத்துவார்கள். (அவர்கள் மட்டும் விண்ணப்பத்திலேயே இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம் என்று 2 கட்டம் போட்டு வைத்திருப்பார்கள், அது பரவாயில்லை.) அதனால் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த "புதிய சவால்களைத் தேடுகிறேன்" என்பதைக் கூச்சமே இல்லாமல் எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

அப்புறம் வரும், "5 வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" அடுத்த மாதம் எங்கே இருப்பேன் என்பதே உங்கள் கையில்தானே இருக்கிறது!

போன வாரம் வீடியோ காலில் இதையெல்லாம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவரின் மூக்குக்கண்ணாடியில் வேறேதோ பக்கம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தி 4 நொடி கழித்துத்தான் "சூப்பர்" என்றார்.

சரி, என் பங்குக்கு ஒன்று கேட்டேன். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?

"புதிய சவால்களைத் தேடி" என்றார்.