கடைசி பஸ்ஸுக்கு அப்புறம்

“நாகர்கோவில்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல என்னக்கா இருக்கு? கடை அடைச்சா ஊரே தூங்கிரும்.”

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் சொன்னது இது. எனக்குச் சுருக்கென்றது. நான் ராத்திரியை நேசிக்கிற ஆள். பகலெல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆறு மணிக்கு மேல்தான் எனக்குக் கண் திறக்கும். “ஒரு வாரம் என்கூட வா பிள்ளே, அப்புறம் சொல்லு” என்றேன். வந்தாள். நான், அவள், என் மாமி, ஒன்பது வயசு மகள் என்று நாலு பேர். அந்த ஒரு வாரத்தைப் பற்றியும், வாரம் முழுக்க என் மனசில் கிடந்து அரித்த ஒரு விஷயத்தைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

24ஆம் தேதி குளச்சலுக்குப் பக்கத்தில் என் கூட்டுக்காரி, அதாவது தோழி வீட்டுக்குப் போனோம். நாங்கள் போய் இறங்கும்போது மணி பத்து. ஊரே தெருவில் நின்றது. முனைக்கு முனை குடில். பையன்கள் பத்துப் பதினைந்து ராத்திரி உழைத்துக் கட்டியவை. ஒரு குடிலில் பெத்லகேமுக்குப் பதிலாகத் தங்கள் ஊரையே செய்து வைத்திருந்தார்கள். கடல், அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவு, வலை காயப்போட்ட மணல், கரையில் ஒரு வள்ளம். அந்த வள்ளத்துக்குள் வைக்கோல் போட்டுக் குழந்தை இயேசுவைக் கிடத்தியிருந்தார்கள். கடல் அசைவதற்கு மீன் தொட்டி மோட்டார். அது அடிக்கொரு தரம் நின்றுபோனதால், ஒரு பையன் குடிலுக்குப் பின்னால் குப்புறப் படுத்து வயரைக் கையாலேயே பிடித்துக்கொண்டு கிடந்தான். பூசைக்கு மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. “நீங்க போங்கக்கா, நான் இதைப் பாத்துக்கிடுதேன்” என்றான். என் மகள் அரை மணி நேரம் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நள்ளிரவுப் பூசை முடிய ஒன்றரை மணி ஆனது. அதற்கப்புறம்தான் அந்த ஊர் விழித்தது என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு கேக், அச்சுமுறுக்கு, கட்டன் சாயா. எழுபது வயசுப் பாட்டிகள் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். குழந்தைகள் நட்சத்திர விளக்குக்குக் கீழே ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் நின்ற பெண்களில் ஒருத்திக்காவது பயம் இருந்த மாதிரித் தெரியவில்லை. சித்தி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெங்களூர்ல இந்த நேரத்துல நான் ரூமை விட்டு இறங்க மாட்டேன்கா” என்றாள்.

25ஆம் தேதி செகண்ட் ஷோ. படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இடைவேளைக்குப் பிறகு என் மகள் மடியில் தூங்கிவிட்டாள். ஆனால் செகண்ட் ஷோ என்பது ஒரு தனி ருசி. வெளியே வரும்போது முகத்தில் அடிக்கிற அந்த மார்கழிக் காற்றுக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். எங்கள் மாவட்டத்துப் பையன்களுக்கு சினிமா மேல் இருக்கிற வெறி எல்லாருக்கும் தெரியும். 2023 பொங்கலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படத்துக்கும் முதல் காட்சி ஒன்பது மணிக்குத்தான். கேரளத்தில் விடியற்காலையிலேயே போட்டுவிடுவார்கள். அதனால் நாலு மணிக்கு எழுந்து பைக்கில் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த இருட்டில் பைக்கில் போகிற வரத்து எனக்குப் பிடிக்காது. ஆனால் ராத்திரி எதையும் நடத்தாமல் மூடிவிட்டால் ஜனம் தூங்கிவிடும் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் மாமி சொன்ன கதையை இங்கே எழுதியே ஆக வேண்டும். மாமிக்குச் சொந்த ஊர் தோவாளை தாலுகாவில் ஒரு சின்ன கிராமம். அவர் பிள்ளையாக இருந்தபோது கோயில் கொடை என்றாலும் சினிமா என்றாலும் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து நடந்தே போவார்களாம். வரப்பு வழி. முன்னால் ஒருத்தி, கடைசியில் ஒருத்தி, இரண்டு பேர் கையிலும் ஓலைச் சூட்டு. நடக்க நடக்க வீசிக்கொண்டே வந்தால்தான் தீ நிற்கும். நின்று பேசினால் அணைந்துவிடும். “அதனால வழியில நின்னு வம்பு பேச முடியாது, வாய் ஓடும், காலும் ஓடும்” என்றார். விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு, வந்த கையோடு முற்றம் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்களுக்குப் பழகிப்போயிருந்த ராத்திரி, இன்றைக்கு என் மகளுக்கு ஏன் இல்லை? இதுதான் வாரம் முழுக்க என்னை அரித்தது.

26ஆம் தேதி எங்கும் கொண்டாடப் போகவில்லை. 2004 சுனாமிக்கு அப்புறம் கடற்கரை ஊர்களுக்கு அது வேறு மாதிரி நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லா இடத்திலும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கூட்டுக்காரியின் பெரியம்மாவும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நாங்களும் போய் ஒன்று ஏற்றி வைத்துவிட்டு வந்தோம். ஒரே ஊர், 24ஆம் தேதி ராத்திரி அப்படி, 26ஆம் தேதி ராத்திரி இப்படி. இரண்டு ராத்திரியும் அவர்கள் சேர்ந்தேதான் இருந்தார்கள்.

27ஆம் தேதி சுசீந்திரம். மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள், மக்கள்மார் சந்திப்பு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தாணுமாலயன் கோயில் திருவிழாவுக்கு அம்மையப்பனைப் பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள். கோட்டாறிலிருந்து வலம்புரி விநாயகர், வேளிமலையிலிருந்தும் மருங்கூரிலிருந்தும் முருகன். ராத்திரி அவர்கள் கோயில் முன்னால் சந்திக்கிற நேரத்துக்கு வீதி நிறைந்துவிடும். திருவிழாவுக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்கள் அந்தச் சந்திப்பைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, “எம் பய துபாய்ல இருக்கான், மூணு வருஷமா வரல்ல” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சாமியைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருப்பதால் எனக்கும் தொண்டை அடைத்தது.

மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய தவிலும் நாதசுரமும் ஒரு பக்கம், மேற்கேயிருந்து வந்த செண்டை ஒரு பக்கம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மண் இது. காதிலும் அது இருக்கிறது. எங்கள் ஊரில் லைட் மியூசிக்குக் கானமேளா என்றுதான் பெயர். தமிழ்ப் பாட்டு ஒன்று, மலையாளப் பாட்டு ஒன்று. இரண்டுக்கும் கை தட்டுகிற கூட்டம் ஒன்றே.

மார்கழியில் எங்கள் வீடுகளில் கல்யாணம் கிடையாது. ஆனால் கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசையாக வரும். 28ஆம் தேதி கூட்டுக்காரியின் தம்பி கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. பெரிய ஊர்களில் பார்ட்டி என்கிறார்களே, எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய பார்ட்டி இல்லை. முற்றத்தில் பந்தல், பந்தலுக்குக் கீழே வரிசையாகப் பெண்களும் ஆண்களும் உட்கார்ந்து காய்கறி வெட்டுகிறார்கள். அவியலுக்கு நீளவாக்கில், தோரனுக்குப் பொடிப்பொடியாக. தேங்காய் துருவுவதற்குத் தனி அணி. ஒரு பக்கம் ஸ்பீக்கரில் பாட்டு, கையில் கத்தியை வைத்துக்கொண்டே மைனிமார் ஆட்டம். பதினொன்றரைக்குச் சுடச்சுட மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும் வந்தது. சித்தி மகள் இரண்டு கிலோ முருங்கைக்காய் வெட்டியிருப்பாள். எழுந்து வர மனசே இல்லை.

29ஆம் தேதி தூங்கினோம்.

30ஆம் தேதிதான் எனக்குக் கோபம் வந்த நாள். மேற்கே ஒரு ஊரில் மன்றத்து ஆண்டு விழா, கானமேளா. பாடியவர்கள் அருமையாகப் பாடினார்கள். குறிப்பாக நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு பழைய பாட்டு ஒன்றைப் பாடியபோது மைதானமே சத்தம் போடாமல் இருந்தது. ஆனால் மாமி சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டாம், பெண்களுக்குத் தெரியும். ஆயிரம் பேர் கூடுகிற மைதானத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. மேடைக்கு எத்தனை விளக்கு, எத்தனை பாக்ஸ் ஸ்பீக்கர்! அந்தச் செலவில் ஒரு சின்னப் பங்கு போதும், இரண்டு தற்காலிகக் கழிப்பறை வாடகைக்கு எடுத்து வைக்கலாம். விழாக் கமிட்டிகளில் ஒரு பெண் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசியிருப்பாள்.

ஒன்பதரைக்கு எங்களைச் சுற்றி இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாட்டு பிடிக்காமல் இல்லை. கடைசி பஸ். அரை மணியில் பெண்கள் பக்கம் நாற்காலி காலி. மிச்சமிருந்தவர்கள் பைக் வைத்திருக்கிற ஆண்கள்தான். அதற்கப்புறம்தான் குடித்தவர்கள் மேடைக்கு முன்னால் ஆட வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கிழவிகளும் உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒருத்தனும் வரவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். கூட்டத்துக்குக் காவல் கூட்டம்தான். அதில் பாதியை ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “ராத்திரி பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை” என்று சொன்னால் எப்படி?

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கச்சேரியில் நானும் மாமியும் கடைசிப் பாட்டு வரை இருந்துவிட்டோம். வெளியே வந்தால் பஸ் இல்லை. பதினான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோவில் அறுநூறு ரூபாய் கேட்டார்கள். மாமியின் முட்டு வலியோடு இருட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். அதற்கப்புறம்தான் நான் ஸ்கூட்டர் வாங்கினேன். சரி, எனக்கு முடிந்தது. முடியாதவர்கள்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, கையில் காசை எண்ணிப் பார்த்து வெளியே இறங்கின பெண்களுக்குத்தான் தெரியும். மாமி அந்த பஸ்ஸில் ஏறித்தான் தங்கச்சி வீட்டுக்கு வாரா வாரம் போகிறார். காசு கேட்காத அந்த பஸ், ராத்திரி பத்து மணிக்கு மேல் பல கிராமங்களுக்கு இல்லை. கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019லேயே அரசாணை வந்துவிட்டது. கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டாமா? ஜவுளிக்கடைகளில் ஒன்பதரைக்குக் கணக்கு முடித்துவிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற பெண்களை தினமும் பார்க்கிறேன். பகல் முழுக்க நின்ற கால். அவர்களுக்கு ஒரு கச்சேரி, ஒரு செகண்ட் ஷோ, சுசீந்திரத்தில் ஒரு ராத்திரி வாய்க்குமா?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முக்கியமான ரூட்டுகளில் பன்னிரண்டு மணி வரைக்கும், திருவிழா நாட்களில் நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் பஸ். சின்ன பஸ்ஸாக இருந்தாலும் போதும். திருவிழா எந்த ஊரில் எந்தத் தேதியில் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழா வருஷா வருஷம் டிசம்பர் 3இல்தான் முடிகிறது. திட்டம் போட ஒரு வருஷம் முழுசாகக் கிடைக்கிறது.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வருஷத்தில் 15 நாள் வரை, விழாக்களுக்காகப் பன்னிரண்டு மணி வரை அரசு அனுமதிக்கலாம். இந்த விதி எனக்குச் சம்மதம். பச்சைக் குழந்தையும் நோயாளியும் இருக்கிற தெருவில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி அலற விடுவதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் சத்தத்தைக் குறைப்பது வேறு, ராத்திரியையே சுருட்டி வைப்பது வேறு. மாமி கேட்ட வில்லுப்பாட்டுக்கு மைக்கே கிடையாது. வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் குலுங்குகிற சத்தமும், குடத்தின் வாயில் பத்தி என்கிற தட்டு மட்டை விழுகிற அந்தத் தொம்மென்ற ஒலியும் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவில் ரஜப் பிறை 14 அன்று ராத்திரி முழுக்க அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடுகிறார்கள். கூடி உட்கார்ந்து ஒரே குரலில் பாடுவதுதான் அங்கே கச்சேரி. அந்த ராத்திரிக்கு வயசு எத்தனை நூறு!

சித்தி மகள் நேற்றுக் கிளம்ப வேண்டியவள். டிக்கெட்டை மாற்றிவிட்டாள்.

நாளை மறுநாள் சுசீந்திரத்தில் தேர். அன்றைக்கு நள்ளிரவு சப்தாவர்ணம். வந்த பிள்ளைகள் அம்மையப்பனிடம் விடைபெற்றுப் போகிற நேரம். போக மனசில்லாமல் அவர்கள் முன்னும் பின்னுமாக அசைவதைப் பார்த்து அழாத பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. திரும்பி வர பஸ் கிடைக்குமா என்று கணக்குப் போட்டு யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் பணம் போட்டு ஒரு வேன் பிடித்திருக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வடசேரியிலிருந்து கிளம்புகிறோம், எல்லாம் முடிந்துதான் திரும்புவோம். இன்னும் இரண்டு சீட் இருக்கிறது. மாமி முன் சீட்டைப் பிடித்துவிட்டார்.