பிள்ளையின் காலை அளக்காமல் ஷூ விற்பவர்களுக்கு

பள்ளி திறக்கப் போகும் வாரத்தில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் காலணிக் கடைகளில் இதே கதைதான். "எந்த வகுப்பு?" என்று கேட்கிறார்கள், பதில் வந்ததும் ஒரு பெட்டியை இறக்கி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காலில் மாட்டி, முனையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கால் எத்தனை சென்டிமீட்டர் நீளம், எவ்வளவு அகலம் என்று அங்கே எவரும் அளப்பதில்லை. ஆண்டில் இரண்டு நாள் உடுத்தும் பட்டுப்பாவாடைக்கு நாடா பிடித்து அளவெடுக்கிற நாம், வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் பிள்ளையின் காலை அடைத்து வைக்கும் பொருளை வகுப்பைச் சொல்லி வாங்கி வருகிறோம். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் காலைப் பாருங்கள். ஒன்று நீண்டு ஒடுங்கியிருக்கும், இன்னொன்று குட்டையாக விரிந்திருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோ நீளத்தை மட்டுமே சொல்கிறது, அதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. நம் கடைகளில் பெரும்பாலும் புழங்கும் இங்கிலாந்து முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் இடைவெளி. பிள்ளைகளுக்கான எண்கள் 13 வரை ஏறி, மறுபடி 1 என்று தொடங்கும். ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனங்களின் ஷூக்களை அருகருகே வைத்தால் அவை ஒன்றுபோல் இருப்பதில்லை. அகலத்தைப் பற்றி அந்தப் பெட்டி வாயே திறப்பதில்லை.

அகலம்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று கண்டது. இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறையையும் 'பா' என்ற பெயரில் முன்மொழிந்தது. நம் ஊரிலேயே இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்க, அதே ஊர்க் கடைக்காரர் பிள்ளையின் விரல்கள் பக்கவாட்டில் நெருங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகும் நீளத்தில் ஓர் எண் கூட்டித்தான் கொடுக்கிறார். அப்போது முன்னால் இடம் காலியாகக் கிடக்கிறது, குதிகால் கழன்று கழன்று வருகிறது, சுண்டுவிரல் மட்டும் முன்போலவே நசுங்குகிறது.

அடுத்தது, "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்ற அறிவுரை. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஷூ வாங்க முடியாத குடும்பங்களின் நெருக்கடி எனக்குத் தெரியும்; பெற்றோர் மீது எனக்குக் கோபமில்லை. கணக்குத் தெரிந்த கடைக்காரர் இதைச் சொல்வதுதான் பொறுக்கவில்லை. சரியான அளவு என்றாலே நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அதற்கும் மேலே இரண்டு எண் என்றால் கூடுதலாக 17 மில்லிமீட்டர். தொடக்கப்பள்ளி வயதில் ஓர் ஆண்டில் கால் வளர்வதோ ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான். ஆகவே அந்த ஷூ ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடப் பிள்ளைக்குப் பொருந்தாது. பொருந்தும் காலம் வரும்போது அடிப்பாகம் தேய்ந்து வாய் பிளந்திருக்கும். அதுவரை பிள்ளை விரல்களை மடக்கி ஷூவைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓட வேண்டும், தடுக்கி விழுந்தால் "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று திட்டும் வாங்க வேண்டும்.

சிறிதாகிப் போன ஷூ இன்னும் மோசம், ஏனென்றால் அதைப் பிள்ளை பெரும்பாலும் சொல்வதில்லை. வளரும் காலில் எலும்புகள் முழுமையாகக் கெட்டிப்படாமல் குருத்தெலும்பு கலந்திருப்பதால், நெருக்கும் இடத்துக்குக் கால் வளைந்து கொடுத்துவிடுகிறது. "வலிக்கிறதா?" என்று கேட்டால் புது ஷூவின் ஆசையில் இருக்கும் பிள்ளை இல்லை என்றுதான் தலையாட்டும். மாலையில், சாக்ஸ் போட்டு, நிற்க வைத்து, இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருந்தால் அதையே கணக்கில் கொள்ள வேண்டும். ஷூவுக்குள் இருக்கும் மெத்தை அட்டை தனியே கழன்று வருமானால் அதைத் தரையில் போட்டுப் பிள்ளையை அதன்மேல் நிற்கச் சொன்னாலே விரல் எங்கே வெளியே வழிகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யச் சொல்லிக் கேட்டதற்கு ஒரு கடையில், "கூட்ட நேரத்துல இதெல்லாம் முடியாதுங்க" என்றார்கள்.

பள்ளிகளின் பங்கு இதைவிடப் பெரியது. என் மகள் படிக்கும் பள்ளியில் சீருடையோடு ஷூவும் அவர்கள் சொல்லும் ஒரே விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும். அவரிடம் இருப்பது ஒரே அகலம். போட்டுப் பார்க்க நாற்காலிகூடக் கிடையாது. ஒருமுறை அணிந்தால் மாற்றித் தரமாட்டார்கள். ஜூன் முடிந்ததும் சரக்கு தீர்ந்துவிடும். நவம்பரில் கால் வளர்ந்து விரல் இடித்தால் அடுத்த ஜூன்வரை பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு கடையில் அகலமான கறுப்பு ஷூ வாங்கி அனுப்பியதற்கு, பட்டையின் வடிவம் வேறாக இருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்பினார்கள்.

நம் வெயிலில் நாள் முழுவதும் மூடிய செயற்கைத் தோல் ஷூ எதற்கு என்று கேட்டால் ஒழுக்கம் என்கிறார்கள். மணிப்பாலில் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியான ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம்தான் அது மிக அதிகம், செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவு. தட்டைப்பாதம் எல்லாருக்கும் தொல்லை தருவதில்லை. ஆனாலும் வளரும் காலை எதற்குள் அடைக்கிறோம் என்று ஒரு தலைமையாசிரியர் யோசிக்க இது போதாதா? விரலிடுக்கில் வியர்வை ஊறிச் சேற்றுப்புண் வருவது தனிக்கதை.

பள்ளி நிர்வாகிகளே, கறுப்பு நிறம் வேண்டுமானால் கறுப்பையே கேளுங்கள். எந்தக் கடையில், எந்த அகலத்தில், ஷூவா பட்டை வைத்த சாண்டலா என்பதைப் பெற்றோரிடம் விடுங்கள். நீங்களே விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், விற்கும் மேசையின் அருகே ஓர் அளவுகோலை வையுங்கள், ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு காலையும் அளந்து கொடுங்கள், ஆண்டின் நடுவிலும் எல்லா அளவுகளையும் இருப்பில் வையுங்கள்.