காவடிப் படம் போட்டால் முகநூல் கணக்கு பறிபோகுமா?

"வட்டாப்பளைப் பொங்கல் காவடிப் படங்களைப் போடாதேங்கோ. சட்டை இல்லாத ஆம்பிளையள் நிண்டாலே நிர்வாணம் எண்டு முகநூல் கணக்கை மூடுறாங்கள்." முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு இது. பிழையான தகவல்.

முகநூலையும் இன்ஸ்டகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் நிர்வாண விதி ஆண்களின் வெறும் மார்பைத் தடுப்பதில்லை. வேட்டிக்கு மேல் சால்வையை இறுக்கி, வியர்வையில் திருநீறு கரைய ஆடுகிறவரின் படத்தைத் தாராளமாகப் போடலாம். தடை முக்கியமாகப் பெண்களின் முலைக்காம்பு தெரியும் படங்களுக்கும், இருபாலாரின் பிறப்புறுப்பு தெரியும் படங்களுக்கும்தான். பாலியல் நோக்கமில்லை என்று சொன்னாலும் பொதுவாக எடுபடாது. ஆனால் தாய்ப்பாலூட்டல், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கோயில் தூண் சிற்பத்துக்கும் பயப்பட வேண்டாம்.

படங்களைச் சோதிக்கும் தானியங்கி இயந்திரம் தடுமாறுவது உண்மைதான். 2020இல் பிரேசிலில் மார்பகப் புற்றுநோய் அறிகுறிகளை விளக்கிய இன்ஸ்டகிராம் பதிவைத் தானியங்கி முறை நீக்கியது. நீக்கியது தவறென்று, இப்படியான முடிவுகளை மறுபரிசீலிக்கும் மெட்டாவின் மேற்பார்வைச் சபை 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

நம்மவர்கள் கவனிக்காத இடம் வேறு. வாய்க்காலில் உடுப்பில்லாமல் குதிக்கும் சின்னப் பிள்ளைகளின் படத்தை ஆசையாகப் போடுகிறோம். பெற்றோரே போட்டாலும் அதை நீக்குவார்கள். வேறு யாரும் எடுத்துத் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதே காரணம். காவடிப் படங்களோடு அப்படியொன்றும் சேர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வெறும் காவடிப் படத்தையே நீக்கினால், வரும் அறிவித்தலிலேயே மறுபரிசீலனை கேட்கலாம்.