விலகும் எண்ணம் வேறு, விலகல் வேறு
"கருத்துக்கணிப்பில் பாதி செவிலியர்கள் வேலையை விடப்போவதாகச் சொன்னார்கள், அடுத்த ஆண்டு பாதி இடம் காலி" என்று போடும் கணக்கு தவறு. எண்ணம் அப்படியே செயலாகிவிடாது. வெப், ஷீரன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் 47 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: திட்டவிலக்க அளவில் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை அலகாக வைத்து) எண்ணம் 0.66 மாறியபோது நடத்தை 0.36 தான் மாறியது.

கணிப்பில் கேட்ட கேள்வியையும் பாருங்கள். வார்டு மாறுவதா, மருத்துவமனையை விடுவதா, தொழிலையே விடுவதா? மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் எண் ஊதிப்போகும். பதில்களை 12 மாதம் கழித்துச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் யார் போனார்கள் என்பது தெரியும். அதற்குப் பணியாளர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கேட்டாலோ மனம்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். ஆகவே ஒப்பிடும் வேலையை வெளி ஆய்வுக்குழு செய்யட்டும், தனிநபர் பதில் மேலதிகாரி கண்ணில் படவே கூடாது.